ஒரே பட்டனில் விளக்கு: லாட்ச் சுவிட்ச் செய்து பார்த்த அனுபவம்

அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. ராத்திரி கரண்ட் போனால் போட்டுக்கொள்ள நான் செய்து கொடுத்த எல்இடி விளக்கில் ஸ்லைடு சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ள நகத்தைக் கொடுத்துப் போராடினார். லேசாகத் தொட்டால் போதும் என்கிற குட்டிப் புஷ் பட்டன் வேண்டும். ஆனால் அது விரலை எடுத்ததும் விட்டுவிடும். ஒருமுறை அழுத்தினால் எரிந்துகொண்டே இருக்கவும், மறுமுறை அழுத்தினால் அணையவும் பின்னால் ஒரு லாட்ச் சர்க்யூட் தேவை.

முதலில் 555 என்கிற டைமர் ஐசியை வைத்துச் செய்தேன். சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ப்ரெட்போர்டில் உடனே வேலை செய்தது. அப்புறம் விளக்கு அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரை சீரிஸில் வைத்துப் பார்த்தேன்: 5 மில்லி ஆம்பியர். சீரிஸில் இருக்கும் என் இரண்டு 18650 லித்தியம் செல்களும் 2000 மில்லி ஆம்பியர் ஹவர் (mAh) கொள்ளளவு கொண்டவை. கணக்குப் போட்டால் 400 மணி நேரம். விளக்கை ஒருமுறைகூடப் போடாமலே பதினேழு நாளில் செல் காலி. எப்போதோ கரண்ட் போகிற வீட்டில் இது உதவாது.

சரி என்று சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஐஆர்எஃப்9540 மாஸ்ஃபெட்டும் நாலைந்து பிசி547 டிரான்சிஸ்டரும் வாங்கி வந்தேன். இரண்டுமே மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் மாதிரி: மாஸ்ஃபெட்டை அதன் கேட் என்கிற காலும், பிசி547 ஐ அதன் பேஸ் என்கிற காலும் இயக்கும். மாஸ்ஃபெட்டில் மின்சாரம் நுழையும் சோர்ஸ் பேட்டரி பிளஸ்ஸில், வெளியேறும் டிரெயின் விளக்கில். கேட்டை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் பிளஸ் பக்கம் இழுத்து மூடி வைக்கும். பிசி547 இன் கலெக்டர் அந்தக் கேட்டை கிரவுண்டுக்கு இழுத்தால் மாஸ்ஃபெட் திறக்கும். விளக்குக்குப் போகும் வோல்டேஜில் கொஞ்சம் 100 கிலோ ஓம் வழியாக பிசி547 இன் பேஸுக்குத் திரும்பி வரும். அதனால் ஒருமுறை திறந்தால் திறந்தே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டன் பகுதி. கலெக்டரிலிருந்து 470 கிலோ ஓம் வழியாக ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். விளக்கு அணைந்திருந்தால் கலெக்டரின் வோல்டேஜ் மேலே இருக்கும், கெபாசிட்டர் நிறைந்திருக்கும். எரிந்தால் கலெக்டர் கீழே, கெபாசிட்டர் காலி. பட்டன் செய்வதெல்லாம் கெபாசிட்டரை பேஸோடு இணைப்பதுதான். நிறைந்த கெபாசிட்டர் டிரான்சிஸ்டரை எழுப்பும், காலியானது அணைத்துவிடும். இப்போது என்ன நிலையோ அதற்கு நேர் எதிரானதைக் கையில் வைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது! பட்டனின் தொடுமுனை துள்ளினாலும் கவலையில்லை, அதற்குள் கெபாசிட்டர் மாறிவிடாது.

நான் இருபது முப்பது தடவை தட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். எரிந்தது. அணைக்க அழுத்தினார், அணைந்து, கண் சிமிட்டும் நேரத்தில் மறுபடி எரிந்தது. "அணையவே மாட்டேங்குதுப்பா" என்றார். திரும்பத் திரும்ப அதேதான்.

அவர் விரலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் பட்டனைத் தட்டுகிறேன். அம்மா அழுத்திப் பிடிக்கிறார், விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை எடுக்கிறார். அணைந்ததும் கலெக்டர் மேலே ஏறி, 470 கிலோ ஓம் வழியாக கெபாசிட்டரை நிரப்புகிறது. பட்டன் இன்னும் அழுத்தியபடியே இருப்பதால் பேஸும் கூடவே ஏறுகிறது. 0.6 வோல்ட் தொட்டதும் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்கிறது. அதற்குக் கால் நொடிகூட ஆவதில்லை.

470 கிலோ ஓமை 1 மெகா ஓம் ஆக்கினேன். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் ஒன்று சேர்த்தேன். வருகிற மின்சாரத்தை அது கிரவுண்டுக்கு வடித்துவிடுவதால், இப்போது செல்கள் முழுசாக நிறைந்து 8.4 வோல்ட் இருந்தாலும் பேஸ் 0.35 வோல்டுக்கு மேல் ஏறாது. எவ்வளவு நேரம் பிடித்தாலும் அணைந்தது அணைந்ததுதான். கெபாசிட்டரையும் 1 மைக்ரோ ஃபாரட் ஆகக் குறைத்தேன். இரண்டு அழுத்தலுக்கு நடுவே ஒரு நொடி விட்டால் போதும். அணைந்த நிலையில் மைக்ரோ ஆம்பியர் அளவில் மீட்டரை வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டியது.

துளைகள் போட்ட டாட் போர்டில் சால்டர் செய்து டப்பாவில் பொருத்திவிட்டேன். நேற்று ராத்திரி அம்மா விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எரியவில்லை.