வால்வு நடுவே ஒரு புள்ளி

பழைய ஆலைகளின் பி அண்ட் ஐடி வரைபடங்களை, அதாவது குழாய்களும் கருவிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டும் தாள்களை, ஸ்கேன் செய்து, அதிலுள்ள வால்வு, பம்பு, கருவிகளையெல்லாம் கணினியே கண்டுபிடித்துப் பட்டியல் போடும்படி செய்வது என் வேலை. முகத்தையே அடையாளம் காணும் காலத்தில் இதென்ன பெரிய விஷயம் என்று பலரும் கேட்பார்கள். ஏ1 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 9,900 பிக்சலுக்கு மேல் வரும். அதில் ஒரு வால்வு சுமார் 80 பிக்சல். முழுத்தாளையும் 640 பிக்சலாகச் சுருக்கி படத்தில் பொருள்களைக் கண்டுபிடிக்கும் யோலோ போன்ற மாடலுக்குக் கொடுத்தால் அந்த வால்வு ஐந்து பிக்சலாகிவிடும், அப்புறம் எங்கே தேடுவது? அதனால் தாளைத் துண்டுகளாக, ஒன்றின் ஓரம் அடுத்ததில் கொஞ்சம் ஏறும்படி வெட்டித்தான் கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய தலைவலி, குறியீடுகள் ஒன்றுபோலவே இருப்பது. முனையோடு முனை தொடும் இரண்டு முக்கோணம் என்றால் கேட் வால்வு. நடுவில் கறுப்புப் புள்ளி வைத்தால் குளோப் வால்வு, அதே இடத்தில் வெறும் வட்டம் என்றால் பால் வால்வு. நகலுக்கு நகலெடுத்து வந்த தாளில் மை பரவி வட்டம் அடைந்துபோனால் பால் வால்வு குளோப் வால்வாகிவிடும். கருவிகளுக்கும் இதே கதைதான். கருவிக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஏ 5.1 தரமுறைப்படி வட்டத்துக்குள் குறுக்குக்கோடு இருந்தால் அந்தக் கருவி கண்ட்ரோல் ரூம் பேனலில் இருக்கிறது, கோடு இல்லையென்றால் ஆலைக்குள்ளே. தாளின் மடிப்பு வட்டத்தின் நடுவே போனால் போதும், கருவி இடம் மாறிவிடும்.

மாதிரிக் குறியீட்டைத் தாள் முழுக்க நகர்த்தி ஒப்பிடும் டெம்ப்ளேட் மேட்சிங் ஒரே அலுவலகத்தில் வரைந்த தாள்களுக்கு இன்றும் நன்றாக உழைக்கிறது, குறியீடு சாய்ந்தாலோ பக்கத்துக் கோடு ஒட்டினாலோ தடுமாறும். வட்டங்களுக்கு, விளிம்புப் புள்ளிகளை வைத்து மையத்தைக் கணக்கிடும் ஹஃப் டிரான்ஸ்ஃபார்மைத்தான் நான் இன்னும் நம்புகிறேன். 1972இல் டூடாவும் ஹார்ட்டும் எழுதிக் காட்டிய வடிவம், பாதி அழிந்த வட்டத்தையும் பிடித்துவிடும். யோலோ போன்ற டீப் லேர்னிங் மாடல்களுக்கு உதாரணங்கள் ஏராளமாக வேண்டும். கேட் வால்வு தாளுக்குத் தாள் கிடைக்கும், அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வழிவிடும் ரப்ச்சர் டிஸ்க்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த மாதிரி அரிதானவற்றை குறியீடுகளின் விளக்கப் பட்டியலான லெஜெண்ட் ஷீட்டிலிருந்து வெட்டி, கோடுகள் மேல் ஒட்டி, கறையும் சேர்த்துச் செயற்கையாக உருவாக்குகிறோம்.

எங்கள் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் எந்தத் தாளைக் கொடுத்தாலும், "தம்பி, முதல்ல லெஜெண்டை எடுப்பா" என்பார். பிறகு குறியீடுகளைத் தேட மாட்டார், ஒரு பைப் லைனைப் பிடித்து விரலாலேயே கடைசிவரை போவார். புள்ளி மங்கியிருந்தால் பக்கத்திலுள்ள டேக் எண்ணை, அதாவது அந்தச் சாதனத்தின் அடையாள எண்ணை, பார்ப்பார், அந்த லைன் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பார். குறியீட்டைத் தனியாக வெட்டியெடுத்துப் பெயர் சொல்லும் எந்த முறையும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

தப்பான பெயரோடு வந்த வால்வை, மாடல் அதைச் சுற்றிப் போட்ட பெட்டியைப் பார்த்துச் சரிபார்ப்பவர் திருத்திவிடலாம். விட்டுப்போன வால்வுக்குப் பெட்டியே கிடையாது, யார் கவனிப்பார்கள்? அதனால் இப்போது கோடுகளையும் தனியாகப் பிரித்தெடுத்து, ஒரு லைன் காரணமில்லாமல் எங்கே அறுந்து நின்றாலும் அந்த இடத்தைச் சிவப்பில் காட்ட வைத்திருக்கிறோம். மாடல் தவறவிட்ட வால்வுகளில் பாதிக்கு மேல் அந்த இடைவெளிகளில்தான் கிடைக்கின்றன.