பானெட்டைத் திறந்தால் பஞ்சாயத்து

ஆர்சி (ரிமோட்டில் ஓடும் பொம்மை) ஜீப்புக்கு பானெட் திறக்கிற பாடியை மாட்டினால், வம்பைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று என்று அர்த்தம். மூடியிருக்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. திறந்ததும் 540 என்ற அளவுள்ள ஒரு மின் மோட்டாரும் நாலு ஒயரும் பல்லிளிக்கும். "இன்ஜின் எங்கே சார்?" என்று ஒருவர் கேட்டே தீருவார்.

அவர் வாயை அடைக்க ஒரு பொய் இன்ஜின் செய்து வைக்க வேண்டியதுதான். 1/10 அளவு வண்டிக்கு செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 (V வடிவில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்) தோதானது. மேல்பாதி மட்டும் செய்து 36 மி.மீ. மோட்டாரின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடலாம். கீழ்ப்பாதியைக் குனிந்து பார்க்க எவருக்கும் பொறுமை கிடையாது. நிஜத்தில் சிலிண்டர் மையங்களுக்கு இடைவெளி 4.4 அங்குலம், இங்கே 11 மி.மீ. ஆக, பக்கத்துக்கு நாலு சிலிண்டருக்கு 45 மி.மீ. நீளம். 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு பெட்டி, நடுவே 90 டிகிரி. உள்ளே கூடாகவே இருக்கட்டும். எபாக்ஸி புட்டியை அடைத்துக் கெட்டியாகச் செய்தால் எடை உச்சியில் ஏறி, சரிவில் வண்டி மல்லாக்கப் படுத்துவிடும்.

ஏர் கிளீனருக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. 30 மி.மீ. விட்டம், பத்தால் பெருக்கினால் 12 அங்குலம், கச்சிதம். ஓரத்து வரிகளே பில்டர் மடிப்பு. மேலே கம்பெனி பெயர் இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள்; வி8 மினரல் வாட்டரில் ஓடுகிறது என்ற பெயர் வேண்டாம். மூடி பாலிஎத்திலீன் என்பதால் பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. மேலே அலுமினியத் தகடு டேப் ஒட்டி, நடுவில் துளையிட்டு 2 மி.மீ. ஸ்க்ரூவால் முடுக்குங்கள். அசல் ஏர் கிளீனருக்கும் நடுவில் ஒரு நட்டுதான், அதனால் இந்த ஒட்டுவேலையை நுணுக்கம் என்று பாராட்டுவார்கள். மறுக்க வேண்டாம்.

கௌரவம் போவது பிளக் ஒயரில்தான். அசல் 8 மி.மீ.; 30 கேஜ் சிலிக்கான் ஒயர் ஏறக்குறைய 0.8 மி.மீ., சரியாக இருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் வரும். பழைய மாடலுக்கு எட்டு ஒயர் பிளக்குக்கு, ஒன்பதாவது நடுவிலிருந்து காயிலுக்கு. எட்டோடு நிறுத்தினால் விரல் விட்டு எண்ணுகிற பெரியவர் ஒருவர் கட்டாயம் வருவார். அவரே இன்னும் குனிந்து, சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையையும் பார்ப்பார்: 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று. 5-ம் 7-ம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பவை, அடுத்தடுத்தே வெடிப்பவை. நிஜ வண்டியில் இவற்றின் ஒயர்களை ஒட்டிப் போகவிட்டால் ஒன்றின் பொறி மற்றதில் தாவும். பொம்மையில் ஒன்றும் ஆகாது, ஆனால் பிரித்து விட்டால் பெரியவர் வாயடைத்துப் போவார்.

கண்ணாடி உள்ள பாடிக்குள் சூப்பர் க்ளூ தொடவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி பூத்துப்போகும். போலீஸ் கைரேகை எடுப்பதும் இதே ஆவியில்தான். உங்கள் விரல் ரேகை விண்ட்ஷீல்டில் அழகாகத் தெரியும். இன்ஜினை வெளியே ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு அப்புறம் மாட்டுங்கள். நிறம் ஆரஞ்சு. அழுக்குக்குக் கறுப்பு எனாமல் பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்துத் தடவலாம், ஆனால் அடியில் இருப்பது டர்பன்டைனில் கரையாத அக்ரிலிக் பெயின்ட்டாக இருக்க வேண்டும். அடியிலும் எனாமல் என்றால் ஆரஞ்சும் கறுப்பும் கலந்து சட்டி அடிப்பிடித்த சாம்பார் நிறம் வரும்.

இவ்வளவும் முடித்து பத்து நிமிடம் ஓட்டினால் வால்வு கவர் அப்பளமாக வளையலாம். மோட்டாருக்கும் கூட்டுக்கும் 5 மி.மீ. இடைவெளி விடாததுதான் காரணம். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரின்டரில் அச்சடித்த பாகம் 60 டிகிரியிலேயே இளகும்; ஸ்டைரீன் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு துளையும், ரேடியேட்டர் இடத்தில் 30 மி.மீ. 5 வோல்ட் ஃபேனும் வைத்தால் சூடு வெளியேறும். ஃபேன் சுற்றுவதைப் பார்த்ததும் அதே பெரியவர், "மைலேஜ் எவ்வளவு?" என்பார்.