காகமும் ஒன்று, ஆயிரம் ஆலாவும் ஒன்று

ஜனவரி முதலாம் திகதி காலையில் எங்கள் வளவுக் காகத்துக்குத் தனி மரியாதை. மற்ற நாட்களில் கருவாடு காயப்போட்டால் விரட்டுவதற்கு மட்டும்தான் அதை நிமிர்ந்து பார்ப்பேன். வருடம் பிறந்தால் என் பறவைக் கணக்கு பூச்சியத்துக்குப் போய்விடும். புதுக் கொப்பியின் முதல் வரியில் காகம், அடுத்து மைனா, மதிலுக்குப் பின்னால் கூவும் செண்பகம். பல் துலக்கி முடிப்பதற்குள் பத்து இனம் சேர்ந்துவிடும். அந்த வேகம் பெப்ரவரியில் இருக்காது.

ஒரு வருடத்தில் எத்தனை வகைப் பறவை காண்கிறோம் என்று குறித்து வைப்பது உலகம் முழுக்க உள்ள பைத்தியம். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் ஒரே வருடத்தில் உலகைச் சுற்றி 6,042 இனங்களைக் கண்டார். அடுத்த வருடமே நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைத் தாண்டிவிட்டார். எனக்கு அந்தப் பேராசை இல்லை. நான் விவசாயப் போதனாசிரியர். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல் வட்டைகளில் ஸ்கூட்டியில் திரிவதுதான் என் தொழில். அதனால் எல்லையை மட்டக்களப்பு, அம்பாறை என்ற இரண்டு மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். கூட்டில் அடைத்தது சேராது. குரல் மட்டும் கேட்டது சேரும்.

இந்தக் கடைசி விதியில் கல்முனையில் இருக்கும் என் மச்சானுக்கு உடன்பாடில்லை. அவரும் கொப்பி வைத்திருக்கிறார். கண்ணால் காணாததை எப்படி எழுதுவது என்பது அவருடைய வாதம். சரி, ஆந்தை, பக்கி போன்ற இரவுப் பறவைகளைக் கண்டுதான் எழுதவேண்டும் என்றால் உன்னிச்சைப் பக்கம் யானை திரியும் நேரத்தில் டோர்ச் அடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு அவரும் வரமாட்டார். பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் ஈபேர்ட்டிலும் கேட்டதற்கும் கண்டதற்கும் ஒரே மதிப்புத்தான். இந்த வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை.

வருடக் கணக்கின் ருசி அது ஜனவரியில் தொடங்குவதில்தான் இருக்கிறது. வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலிருந்து வரத் தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். மத்திய ஆசிய வலசைப் பாதை இலங்கையோடு முடிகிறது. அதற்குத் தெற்கே பெருங்கடல்தான். ஆக ஒரு கொப்பிக்குள் இரண்டு அரைப் பருவம் கிடைக்கிறது. மார்ச்சில் தப்பிய உள்ளானை ஒக்டோபரில் பிடிக்கலாம். ஆறுமணிக் குருவி அப்படித்தான்: இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஒக்டோபர் அளவில் இங்கே வந்து, விடியலிலும் மைம்மலிலும் பற்றைக்குள் இருந்து கத்தும். நடுவில் மே முதல் ஜூலை வரை கொப்பி தூங்கும். கச்சான் காற்றும் வெயிலும் மட்டும் மிச்சம்.

தூங்கும் என்றேனே, அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் மட்டக்களப்பாள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீலவால் பஞ்சுருட்டான் இலங்கையின் மற்றப் பகுதிகளுக்குக் குளிர்கால விருந்தாளி, வந்துவிட்டுப் போய்விடும். எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் போகாமல் தங்கி, மணல் திட்டில் வளை தோண்டி, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பச்சை உடம்பு, நீல வால், கண்ணில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு. கம்பியில் இருந்து கிளம்பித் தும்பியைப் பிடித்து, திரும்பி வந்து அதே கம்பியில் இரண்டு அடி அடித்துத்தான் விழுங்கும். கொழும்பிலிருந்து பெரிய லென்ஸ் கமராவோடு ஆட்கள் தேடி வருவது இதற்காகத்தான். மணல் ஏற்றும் டிராக்டரும் அதே மணலைத் தேடித்தான் வருகிறது. அந்த மாதங்களில் திட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள். ஒரு படம் குறைந்தால் ஒன்றும் ஆகாது.

இலங்கைக்கே உரிய பறவைகளை எண்ணவேண்டும் என்றால் எங்கள் மாவட்டங்கள் பின்வாங்கில்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சிங்கராஜா போன்ற தென்மேற்கு ஈரக்காடுகளுக்குச் சொந்தம். காட்டுக்கோழியும் இன்னும் சிலவும்தான் நமக்கு. நீர்ப்பறவை என்று வந்தால் கதை வேறு. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, அதைச் சுற்றிக் கண்டல், அதற்கப்பால் வயல், அதற்கப்பால் குளம்.

வயலில் என் வேலைக்கும் கொப்பிக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். நீலத் தாழைக்கோழி நாற்றை மிதித்துப் போட்டுவிட்டது என்று ஒரு முறைப்பாடு வரும். பதிவேட்டில் முறைப்பாட்டை எழுதிவிட்டு, கைப்பையில் இருக்கும் கொப்பியில் ஒரு சரி போடுவேன். வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை ஒருநாள் பார்த்துவிட்டார். "என்ன புள்ள, குருவிக்கும் உரமானியம் குடுக்கப் போறாங்களா?"

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். பெரும்போகத்துக்கு உழும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மீசை ஆலா என்ற நீர்ப்பறவையும் மொய்க்கும். ஆலா மட்டும் சில நாள் எண்ணி முடியாது. கொப்பியில் அத்தனைக்கும் ஒரே ஒரு வரி. முற்றத்துக் காகத்துக்கும் ஒரு வரி. வருடக் கணக்குக்கு வகை தெரியும், தொகை தெரியாது. நாளைக்கு அந்த ஆலாக் கூட்டம் பாதியாகக் குறைந்தாலும் என் மொத்தம் ஒன்றால்கூட இறங்காது. மச்சானோடு போட்டி போட்டுக்கொண்டு இருந்த காலத்தில் இது எனக்கு உறைக்கவேயில்லை என்றில்லை. உறைத்தாலும் கொப்பியில் அதற்கு இடம் இருக்கவில்லை.

தொகை எண்ணும் வேலை வேறாக நடக்கிறது. 1900 நத்தாரில் அமெரிக்காவில் பிராங்க் சப்மன் என்பவர், அன்றைக்குப் போட்டி வைத்துப் பறவைகளைச் சுடும் வழக்கத்துக்குப் பதிலாகப் பார்த்து எண்ணுவோம் என்றார். 27 பேர் எண்ணினார்கள். அது இன்றும் நடக்கிறது. நம் பக்கத்தில் 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் வரும். இலங்கையில் சிலோன் பேர்ட் கிளப் ஒருங்கிணைக்கிறது. அதில் அரிய பறவை கண்ட பெருமைக்கு வேலை இல்லை. குளக்கட்டில் நின்று, சிறகியைப் பத்துப் பத்தாகக் கூட்டி, பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அலுப்பான வேலை. பத்து வருடம் கழித்து ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அந்த அலுப்புத்தான்.

அதற்காக வருடக் கொப்பியை எறிந்துவிடவில்லை. அது இல்லாவிட்டால் குமணவுக்கு நான் போயிருக்கமாட்டேன். 1938இலேயே பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம்; சண்டை காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. இங்கே பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு செக்பொயின்ற் தாண்ட முடியாத காலம் ஒன்று இருந்ததை இளம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். குமண வில் என்ற சதுப்பு நீர்நிலையில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை அந்தக் காட்டு வழியாகத்தான் போகிறது. அம்மாவோடு நடந்தபோது, குமுக்கன் ஆறு வரைக்கும் கண்ட பறவையை எழுதினேன். ஆற்றைத் தாண்டினால் மாவட்டம் மாறிவிடும், விதி விதிதான். "முருகனைக் கும்பிட வந்தியா, கொக்கு எண்ண வந்தியா?" என்று அம்மா கேட்டா. இரண்டும்தான் அம்மா.

இந்த வருடக் கொப்பியில் ஒரு நிரல் கூட்டியிருக்கிறேன். பெயர், முதலில் கண்ட திகதி, இடம், அப்புறம் அன்றைக்கு எத்தனை. விளையாட்டைக் கணக்குப் பாடமாக்கிவிட்டேன் என்று மச்சான் குறைப்படுகிறார். அவர் 200ஐத் தொடுவதற்குக் கிட்ட வந்துவிட்டார், அந்தப் பதற்றம். வாகரைப் பக்கம் யாராவது பூநாரை இறங்கக் கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்கள். அவருக்கு நான் இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்கிறேன்.