பன்னிரண்டாம் நம்பர் நூல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "டீயா? எனக்கும் ஒரு டம்ளர்" என்றார். நிறம் அப்படித்தான் இருந்தது, பால் விடாத தேநீர் மாதிரி. ஆனால் உள்ளே கிடந்தது நான் கையால் நூற்ற 200 மீட்டர் பருத்தி நூல். வளையமாகச் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, துளி சோப்புத்தூள் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

பருத்தியில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. வெள்ளைவெளேரென்று இருக்கும் பஞ்சைக் கொதிக்கவைத்தால் அந்த மெழுகும் பிசுக்கும் கழன்று தண்ணீரைப் பழுப்பாக்கிவிடும். முறுக்கு அடங்குவதும் அப்போதுதான். கொதிக்காத நூலைக் கொஞ்சம் தளர விட்டால் போதும், தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். கொதித்துக் காய்ந்த நூல் சொன்ன பேச்சு கேட்கும்.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் பழையது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. சிட்டத்தைக் கழியில் மாட்டி, அதன் அடியில் கனத்துக்கு ஒரு கரண்டியைத் தொங்கவிட்டு வெளியே நீட்டினேன். பக்கத்து வீட்டு மக்சிக்கும் (மலாய் ஆண்ட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த நேரத்தில்தான் துணி காயப்போட வந்தார். "பெனாங்?" என்று கேட்டார். மலாயில் நூல் என்று அர்த்தம். ஆமாம் என்றேன், கையால் முறுக்கிக் காட்டினேன். அவர் தன் கழியை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டுச் சிட்டம் காற்றில் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு முழுக்க அது போதுமானதாக இருந்தது.

நான் திருப்பூர்க்காரி. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். வேலை முடிந்து வரும்போது புருவத்தில், காதோரத்தில் எல்லாம் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். வாசலிலேயே துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பனியன் கம்பெனி" என்பேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 2009இல் சிங்கப்பூருக்கு வந்த பிறகும் போன் செய்தால் "நல்லாருக்கியா கண்ணு, இந்தா அம்மாட்டக் குடுக்கறேன்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோமே, அப்போதுதான் பின்னக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் வாங்கிய ஒரு ஜோடி மூங்கில் ஊசி, நீல நிறப் பருத்தி நூல் ஒரு பந்து. ஒரு வாரம் போராடி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வந்தது. முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல. பின்பக்கம் அரிசியைப் பரப்பினது போல மேடு மேடாக. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து வீட்டுக்காரருடைய பனியனை எடுத்தேன். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தால், அதே 'வி'. உட்புறம் திருப்பினால் அதே மேடு. நூறு மடங்கு பொடியாக, ஆனால் அதேதான்.

இரவு பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "எத்தனை லூப்பு போட்டே?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். அம்மாவிடம் போனைக் கொடுக்கவே இல்லை.

அவருடைய மெஷினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் வட்டமாக நிற்குமாம். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு கொக்கி, அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள். ஊசி மேலே ஏறும்போது தாழ்ப்பாள் திறக்கும். நூலைக் கவ்விக்கொண்டு கீழே இறங்கும்போது பழைய லூப்பே அதை மூடிவிட்டுத் தலைக்கு மேலாகக் கழன்றுகொள்ளும். நான் இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துச் செய்யும் அதே காரியம். ஒரு ஊசியின் தாழ்ப்பாள் பழுதானால் துணியில் நெட்டுக்கு ஒரு கோடு விழும், நீடில் லைன் என்பார்கள். "கோடு கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தியே காதுக்குத் தெரிஞ்சுரும்" என்றார். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்ன முதல் இயந்திரத்தைச் செய்தார் என்று படித்ததை நான் சொன்னேன். அதுவரை எல்லாம் கைதான் என்றேன். "அப்பக் கைதான் மூத்தது" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு திருப்தி.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச ஒரு விஷயம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பேசுகிறோம்.

எனக்கு நூல் வாங்கப் பிடித்த இடம் சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் இரண்டாம் மாடி. தரையிலிருந்து கூரை வரை நூல் அடுக்கியிருக்கும். முதல் தடவை போனபோது பாதிப் பின்னலைப் பையில் கொண்டுபோயிருந்தேன், ஒரு கண்ணி, அப்பா சொல்லும் லூப்பு, நழுவி ஏழெட்டு வரிசை இறங்கியிருந்தது. அங்கே பின்னிக்கொண்டிருந்த ஒரு சீன ஆண்ட்டி கேட்காமலேயே வாங்கிப் பார்த்தார். குரோஷே ஊசியை நழுவிய கண்ணிக்குள் விட்டு, ஏணியில் ஏறுவது போல ஒவ்வொரு படியாக மேலே தூக்கிக்கொண்டு வந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வேண்டுமென்றே இன்னொரு கண்ணியை அவிழ்த்துவிட்டு "யூ டூ" என்று என்னிடம் நீட்டினார். அதைவிட நல்ல வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

இந்த வெயில் ஊரில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்பார்கள். என்னோடு ஒரு நாள் என் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் கேட்கமாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஏர்கான் விரலை மரக்கவைத்துவிடும். என் நாற்காலி முதுகில் மெரினோ கம்பளிச் சால்வை ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. ஆனாலும் என் மனசு பருத்தியில்தான். நூற்கத் தொடங்கிய பிறகு இன்னும் அதிகமாக.

நூற்பு அம்மா வழியாக வந்தது. 2022இல் ஊருக்குப் போயிருந்தபோது பரண் டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தக்களி கிடைத்தது. ஒரு சாண் எஃகுக் கம்பி, கீழே காசு போல ஒரு பித்தளை வில்லை, மேல் நுனியில் கொக்கி. அவிநாசிப் பக்கம் அம்மா படித்த பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் எல்லாரும் நூற்கவேண்டுமாம். ஐம்பது வருடம் ஆகியிருந்தது. அம்மா அதை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, கொட்டாங்குச்சியில் ஊன்றி ஒரு சுண்டு சுண்டினாள். விரல் எதையும் மறந்திருக்கவில்லை.

நான் இங்கே கொட்டாங்குச்சிக்குப் பதில் மிளகாய் சாஸ் வைக்கும் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஊன்றுகிறேன். வலது கை தக்களியைச் சுண்டும். இடது கையில் பஞ்சுப் பட்டை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், பிடித்தும் பிடிக்காமலும். தக்களி சுற்றச் சுற்ற முறுக்கு கம்பியிலிருந்து மேலே ஏறிவரும். அது விரலைத் தொடும் நேரத்தில் இடது கையைப் பின்னால் இழுக்கவேண்டும். ஒரு அங்குலமே நீளமுள்ள இழைகள் ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு நகரும். முறுக்கு குறைந்தால் கையோடு பிரிந்து வந்துவிடும், கூடினால் நகர மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது. பஞ்சு நூலாவது அங்கேதான். கண்ணால் பார்க்க முடியாது, விரல் நுனியில் ஒரு இறுக்கமாகத் தெரியும். அதற்காகத்தான் நான் நூற்கிறேன். ஆபீசில் மாதக் கடைசியில் கணக்கை முடித்து அனுப்பினால், மறுநாள் காலை அதே கட்டங்கள் காலியாக வந்து நிற்கும். இங்கே ஒரு கெஜம் நூற்றால் ஒரு கெஜம் இருக்கிறது.

இதில் இந்த ஊர் எனக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. முதலில் படுக்கையறையில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நூற்றேன். அறுந்து அறுந்து அழுகை வந்துவிட்டது. ஒருநாள் மழை விட்ட சாயங்காலம் சமையலறையில், சன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். அதே பட்டை வெண்ணெய் போல வந்தது. அப்பாவிடம் கேட்டதும் சிரித்தார். "மில்லுல காத்துலயே தண்ணி தெளிச்சு ஈரம் வெச்சிருப்பாங்க சாமி. பஞ்சு காஞ்சா பறக்கும், அறும்." கம்பளிக்கு நேர்மாறாக, பருத்தி இழைக்கு ஈரத்தில் வலு கூடும். திருப்பூரில் பணம் செலவழித்து உண்டாக்கும் ஈரம் சிங்கப்பூரில் சன்னலைத் திறந்தால் இலவசமாக வருகிறது. பதினைந்து வருடமாகப் புழுக்கம், புழுக்கம் என்று அலுத்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

பஞ்சு தீர்ந்துபோன ஒரு சமயம், கால்வாயோரம் நடக்கும் பாதையில் ஒரு இலவமரம் காய் வெடித்துக் கிடந்தது. புல்லெல்லாம் வெள்ளை. கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். தொட்டால் பட்டு, தக்களியில் வைத்தால் ஒரு சாண்கூட நிற்காது. இலவம் இழை உள்ளே குழலாக, மேலே வழுவழுவென்று இருக்கும். ஒன்றை ஒன்று பிடிக்காது. அதனால்தான் அதைத் தலையணைக்குள் அடைத்தார்கள். இலவு காத்த கிளி என்று சின்ன வயசிலிருந்து சொல்லிவருகிறோம். என் விரலுக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது. இன்னொரு சொல்லும் அப்படித்தான் கிடைத்தது. பனுவல் என்றால் புத்தகம் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். நூற்கத் தயாராகக் கொட்டி வைத்த பஞ்சுக்கும் பழந்தமிழில் அதே பெயர்தான்.

சரி, அந்த 200 மீட்டருக்கு வருகிறேன். காய்ந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன், 10 கிராம். நூலின் நம்பருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் 840 கெஜம் ஒரு சிட்டம்; ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. அப்பா ஓட்டியது முப்பது, நாற்பது. என்னுடையது கணக்குப் போட்டால் பன்னிரண்டுக்குப் பக்கமாக வந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பன்னெண்டா? கையிலயா? தக்களியிலயா?" என்று மூன்று முறை கேட்டார். அப்புறம் பின்னால் திரும்பி, "இங்க பாரு, உன்ற புள்ள பன்னெண்டாம் நம்பர் நூத்திருக்குது" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னது கேட்டது.

இரண்டு புரியாக முறுக்கியதில் 100 மீட்டர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வைத்துப் பின்னத் தொடங்கினேன். அங் மோ கியோவில் ஏறிய தம்பி ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, லீவு நாள் முகம். பீஷான் தாண்டிச் சுரங்கத்துக்குள் போன பிறகு மெதுவாகக் கேட்டார். "அக்கா, அது கைநூலுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பூர்ல நாலு வருசம் இருந்தேன்க்கா. கட்டிங்ல."

நான் பின்னலை அப்படியே நீட்டினேன். அவர் செய்த முதல் காரியம், துணியைக் கட்டைவிரலுக்கும் விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்து விட்டதுதான். துணி தன் அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் இழுப்பு அது. எங்கள் தெருவில் எல்லாக் கைகளும் அப்படித்தான் இழுக்கும். ஊசியிலிருந்து ஒரு கண்ணி கழன்றுவிட்டது. அவர் பதறிப்போனார். பரவாயில்லை தம்பி என்று குரோஷே ஊசியை எடுத்து ஏற்றினேன். அதற்குள் நியூட்டன் வந்துவிட்டது. இறங்கிய பிறகும் பிளாட்பாரத்தில் நின்று, ஏறிவிட்டதா என்று கையால் கேட்டார். ஏறிவிட்டது என்று தூக்கிக் காட்டினேன்.

ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, அந்தச் சதுரம் முடிந்திருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் போனார். தேய்த்துப் பார்த்தார், இழுத்து விட்டார், உட்புறம் திருப்பினார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் பரீட்சைத் தாள் கொடுத்தவள் மாதிரி பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இங்க ஒரு லூப்பு திரும்பியிருக்குது பாரு கண்ணு" என்று நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"அது நியூட்டன் ஸ்டேசனுங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே சதுரத்தை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.