ஓட்டை விழும் முன்னே

துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு தடவை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். சட்டையில் முழங்கையும் காலர் மடிப்பும், பேன்ட்டில் தொடைகள் உரசுகிற இடம், அவ்வளவுதான். நூல் தேய்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் சல்லடை மாதிரி வெளிச்சம் விடும். தைக்க வேண்டிய நேரம் அதுதான், ஓட்டை விழுந்த பிறகு இல்லை.

இதை ஒரு ஜீன்ஸில்தான் கற்றுக்கொண்டேன். ஜீன்ஸ் துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. மேலே தெரிகிற நீல நூல்தான் முதலில் தேயும், அதனால் முட்டி கிழியும்போது வெள்ளை நூல் மட்டும் குறுக்கே தொங்குகிறது. நான் ஓட்டை அளவுக்கே ஒட்டுத்துணி வெட்டி, அதன் விளிம்பிலேயே தைத்துவிட்டேன். இரண்டே துவைப்பில் ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த துணி கிழிந்து வந்தது. தேய்ந்த துணியில் தையல் நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் தேய்ந்த பகுதியைத் தாண்டி, எல்லாப் பக்கமும் 2 செ.மீ. நல்ல துணியில் ஏறுகிற மாதிரி வெட்டுகிறேன். ஒட்டுத்துணி புதிதாக இருந்தால் முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது பிறகு சுருங்கிப் பழைய துணியை இழுக்கும். மூலைகளை வட்டமாக வெட்டினால் எதிலும் மாட்டிப் பிரியாது.

மெலிந்துதான் இருக்கிறது, இன்னும் கிழியவில்லை என்றால் ஒட்டே வேண்டாம். உள்பக்கத்திலிருந்து நெருக்கமாக வரிவரியாக நூல் ஓட்டி, அப்புறம் குறுக்கே ஒரு நூல் விட்டு ஒரு நூல் மேலும் கீழுமாகக் கோர்த்து வாங்கினால், தறியில் நெய்த மாதிரி புதுத் துணியே அங்கே உருவாகும். நூலை மட்டும் இறுக்கக் கூடாது, இறுக்கினால் துணி சுருங்கி முடிச்சாக நிற்கும். பழைய பருத்திச் சட்டைக்கு நான் பருத்தி நூல்தான் எடுப்பேன். துணியைவிட நூல் பலமாக இருந்தால் அது துணியை அறுக்கும்.

பட்டனுக்கு ஒரு வழி: துணிக்கும் பட்டனுக்கும் நடுவே தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அடியில் நூலை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். தடிமனான துணியில் பட்டன் போடும்போது பிதுங்காமல் நிற்கும்.

அப்புறம், கிழிந்த துணியைத் தைக்காமல் வாஷிங் மெஷினில் போடாதீர்கள், தயவுசெய்து. விரல் நுழையும் கிழிசல் வெளியே வரும்போது கை நுழையும்.