எனக்கு மட்டும் அழிந்தது

காதல் முறிந்த கிழமை எங்கள் மச்சாள்மார் வாட்ஸ்அப் குழுவில் ஏறக்குறைய 40 மெசேஜ் எழுதித் தள்ளினேன். சீதனமாக அவர்கள் கேட்ட கல்வீடு, அவருடைய அம்மாவுக்கு நான் வைத்திருந்த பட்டப்பெயர், ஒன்றையும் விடவில்லை. குழுவில் என்னோடு 11 பேர். எட்டாம் நாள் அதில் நான்கு ஸ்கிரீன்ஷொட் ஒரு பேஸ்புக் பக்கத்தில். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்டவர்கள் குறைவு. என் புலம்பல் செங்கலடி வரை கேட்டுவிட்டது.

பதறிப்போய்க் குழுவில் எல்லாவற்றையும் அழித்தேன். அதுதான் பெரிய பிழை. எல்லாருக்கும் சேர்த்து அழிக்க வாட்ஸ்அப் தரும் தவணை இரண்டு நாள் சொச்சம்தான். அது தாண்டினால் நம் போனில் மட்டுமே அழியும். மற்றப் பத்துப் பேரிடமும் இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை. கடைசியில் சின்ன மச்சாள்தான் தன் போனிலிருந்து முழுவதையும் அனுப்பினாள்.

பொலிசுக்கு முதல் தடவை போனது போயா விடுமுறை நாளில், வீண் அலைச்சல். அடுத்த நாள் பெண்கள் சிறுவர் பிரிவில் போனை நீட்டினால், "பிரிண்ட் எங்க தங்கச்சி? அந்த லிங்க்?" திரும்பவும் வெயிலில் கொமினிகேஷன் கடைக்கு. என் காதல் கதை பக்கம் பக்கமாக வெளியே வர, கடைப் பொடியன் முதல் பக்கத்தை வாசித்தான். இரண்டாவதில் உதட்டைக் கடித்தான். மூன்றாவதைக் கவிழ்த்து வைத்துத் தந்தான், நல்ல பிள்ளை. வீட்டிலிருந்தே லிங்கோடு பிரிண்ட் எடுத்துப் போங்கள். முதலில் 1938 பெண்கள் உதவி இலக்கத்தில் கேட்டிருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நின்றேன். நின்றது நல்லதாய்ப் போயிற்று: அவரை என் கணவர் என்று எழுதியிருந்தார்கள்! திருத்தி, முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேஸ்புக்கில் முதலில் தொந்தரவு என்று ரிப்போர்ட் பண்ணினேன். விதி எதுவும் மீறப்படவில்லையாம். அப்புறம்தான் கண்ணில் பட்டது: இரண்டாவது படத்தில் என் பெயருக்குப் பதில் என் போன் இலக்கமே முழுசாக நின்றது. தனிப்பட்ட தகவல் என்று மாற்றி ரிப்போர்ட் பண்ண, அடுத்த நாளே பதிவு போய்விட்டது.

இலக்கம் தெரிந்ததென்றால், படம் எடுத்தவளின் போனில் என் பெயர் பதிந்திருக்கவில்லை. அப்படி ஒரு மச்சாள்தான் இருக்கிறாள். போன கிழமை அவளிடமிருந்து மெசேஜ்: "சுகமா இருக்கீங்களா?" நீல டிக் விழவிட்டு போனை வைத்துவிட்டேன்.