முதலில் என்ன செய்து பார்த்தார்கள்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில், அதாவது நெருக்கமாகச் சின்ன வீடுகள் உள்ள குடியிருப்பில், ஒரு அக்கா, பலகை அடித்த ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். புருஷன் போய்ப் பல வருடம். விடிய ஐந்து மணிக்கே ஆபீஸ் கூட்டித் துடைக்கப் போய்விடுவார், எட்டு வயது மூத்தவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள், அதனால் பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. யாரோ அறிவித்து உத்தியோகத்தர் வந்தார், அப்புறம் நீதிமன்றம், இரண்டு பேரும் சிறுவர் இல்லத்துக்குப் போனார்கள். அடித்தார் என்றோ பட்டினி போட்டார் என்றோ யாரும் சொல்லவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்கப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். மாலு பான் (மீன் வைத்த பணிஸ்) நாலு, மகளுக்குச் சிவப்பு ரிப்பன். போய்ப் பார்த்தால் பேன் என்று அவள் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் ரிப்பனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதை அமெரிக்காவில் சியாட்டிலில் சமூக சேவை வேலை செய்யும் என் மச்சாளிடம் போனில் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எடுக்கிறதுக்கு முதல் என்ன உதவி செய்து பார்த்தவை?"

அங்கே 1980இலேயே மத்திய சட்டம் ஒன்று வந்துவிட்டதாம். பிள்ளையைப் பிரிக்காமல் இருக்க நியாயமான முயற்சி எடுத்தோம் என்று மாநிலம் நீதிமன்றத்தில் காட்டவேண்டும். மாநிலங்களும் தங்கள் சட்டங்களில் இதை எழுதிக்கொண்டன. அவளுடைய வாஷிங்டன் மாநிலத்தில், டகோமாவில், 1974இலேயே ஹோம்பில்டர்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது: ஒரு பணியாளருக்கு ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம்தான், நாலு முதல் ஆறு வாரம் அந்த வீட்டுக்கே போய் வருவார், இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டும். 2018இல் வந்த இன்னொரு மத்திய சட்டத்துக்குப் பிறகு, முன்பு பெரும்பாலும் பிரித்த பிள்ளைகளுக்கே செலவான மத்திய பணத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் தடுக்கவும் செலவழிக்கலாம். பெற்றோரின் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, மனநல உதவி, பிள்ளை வளர்ப்புப் பயிற்சி, 12 மாதம் வரை.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. வீட்டிலேயே விடப்பட்டு அடிபட்டுச் செத்த பிள்ளைகளும் உண்டு. 1997இல் பிள்ளையின் பாதுகாப்பே முதல் என்று சட்டத்தைத் திருத்தியது சும்மா இல்லை. அடிக்கிற வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் வறுமையும் கொடுமையும் ஒன்றா?

எங்கள் 1939ஆம் ஆண்டுச் சிறுவர் கட்டளைச் சட்டத்திலும், பிள்ளையைத் தாயிடமே விட்டு நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. சரி, மேற்பார்வை என்றால் வந்து பார்ப்பது. பார்த்துவிட்டுப் போனால் தம்பியை யார் பிடிப்பது, வாடகையை யார் கட்டுவது? இல்லத்தில் அதே இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு, கட்டில், சம்பளத்துக்கு ஆள் எல்லாம் கிடைக்கிறது. அதில் பாதியை அந்த அறைக்குக் கொடுத்திருந்தால் அக்கா விடிகாலை வேலையை விட்டுவிட்டு பகல் வேலை ஒன்று தேடியிருப்பார்.

பிள்ளைகள் திரும்ப வேண்டுமென்றால் நல்ல அறை காட்டவேண்டும் என்றார்களாம். எங்கள் லேன் பெண்கள் பிடிக்கிற சீட்டில் முதல் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தோம், மட்டக்குளியில் ஒரு அறைக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று. அடுத்த மாதம் நீதிமன்றத் தவணை. கடிதம் சிங்களத்தில் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்ல நானும் போகிறேன்.